ஸ்பிரிட்டுக்குப் பதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அரக்கு கரைக்கலாமா?

கேள்வி:
தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலிக்கு ஸ்பிரிட் பாலிஷ் போட ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் ஸ்பிரிட் இல்லை, மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொடுத்து இதுவும் அதேதான் என்றார்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்தும் அரக்குச் செதில் பாதி கரையாமல் பாட்டிலின் அடியில் பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரைந்ததை ஒரு காலில் தேய்த்துப் பார்த்தால் காய்ந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. இரண்டும் ஆல்கஹால்தானே, ஏன் இப்படி?

பதில்:
முதலில் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள், எத்தனை சதவீதம்?

கேள்வி கேட்டவர்:
70 என்று போட்டிருக்கிறது அண்ணா.

பதில்:
அதுதான் காரணம் தம்பி. மீதி பெரும்பாலும் தண்ணீர். கிருமியைக் கொல்ல அந்தத் தண்ணீர் உதவும், ஆனால் அரக்கு தண்ணீரில் கரையாது, ஆல்கஹால் முதலில் ஆவியாகிப் போனதும் பின்தங்கிய ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் கிடைத்தால் அரக்கு அதில் கரையும், ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலை விட மெதுவாக. செதிலைப் பொடித்துப் போட்டு அவ்வப்போது குலுக்குங்கள். லிட்டருக்கு 240 கிராம் என்ற கணக்கு கொஞ்சம் கெட்டி, பஞ்சு சுற்றிய துணியால் தேய்க்க அதில் பாதி போதும்.

எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், ஐசோபுரொப்பைல் 82 சொச்சத்தில். வித்தியாசம் சின்னதுதான், ஆனாலும் கை வைத்தால் தெரியும்: எத்தனால் பாலிஷ் சட்டென்று இறுகும், மற்றது கொஞ்ச நேரம் பசையாகவே நிற்கும். சித்திரை வெயிலில் துணி இழுபடாமல் ஓட அது நல்லதுதான். மழை நாளில் இரண்டுமே வேண்டாம், ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு பதில்:
70 சதவீத பாட்டிலில் சமையல் உப்பை நிறையப் போட்டுக் குலுக்கினால் ஆல்கஹால் தனி அடுக்காக மேலே பிரிந்து நிற்கும். எத்தனால் தண்ணீரோடு இன்னும் நெருக்கமாகக் கலப்பதால் அதில் சமையல் உப்பால் அப்படிப் பிரியாது. செய்து பார்த்தால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு தெளிவாகக் கோடு விழும். ஆனால் பிரிந்ததிலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் நிற்கும், பாலிஷுக்கு ஆகாது.

கேள்வி கேட்டவர்:
சரி, 99 வாங்கிவிடுகிறேன். பூத்துப்போன காலை உப்புத்தாள் போட்டுச் சுரண்ட வேண்டுமா?

பதில்:
வேண்டாம். வெயில் காய்ந்த நாளில் 99 சதவீதத்தைத் துணியில் லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒரே பக்கமாக இழுங்கள், மேல்படலம் இளகி ஈரம் வெளியேறிவிடும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பாலிஷ் உரிந்து வந்துவிடும். எந்த ஆல்கஹாலாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. நாளைக்கு ஸ்பிரிட்டே கிடைத்தாலும் கையுறை கட்டாயம்: அதில் மெத்தனால் கலந்திருக்கலாம், அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கண் நரம்பைக் கெடுக்கும். கரைத்த பாலிஷ் பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள், ஆறு மாதம் தாண்டினால் சரியாக இறுகாது.