பல அட்டைக் கொடுப்பனவு நிறுவனங்கள், ஒரே தொகுதி: எந்தச் சொல்?

> முன்மொழிவு: அட்டைக் கொடுப்பனவுகளைச் சேர்த்து, பல நிறுவனங்கள் ஊடாக நேரம் குறித்து அனுப்பும் மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயர் ‘தொகுதிக் கொடுப்பனவு அட்டவணைச் செயலி’

வணக்கம் அண்ணா,

‘தொகுதி’ (ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் கொடுப்பனவுகள்) இருக்கட்டும், பாடநூலில் பழகிய சொல். ‘செயலி’ வேண்டாம். இப்போது அதைக் கேட்டால் கைத்தொலைபேசி ஆப்தான் நினைவுக்கு வரும். ‘முறைவழியாக்கி’ என்றாலோ கணினிக்குள் இருக்கும் சில்லு. கடையின் கோரிக்கையை வாங்கி விசா, மாஸ்டர்கார்ட் வலையமைப்புக்குக் கொண்டுபோவது ஒரு நிறுவனம். வழங்குநர், பெறுநர் போல ‘முறைவழியாக்குநர்’ என்போம்.

‘அட்டவணை’தான் என் பெரிய மனக்குறை. செய்யும் வேலை இரண்டு: எந்த அட்டை எந்த முறைவழியாக்குநரிடம் போகும், எப்போது போகும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் பங்கு பிரித்த பிறகுதான் வாய்க்காலுக்கு முறை வைப்பார்கள். இங்கும் அதே ஒழுங்கு. ‘பங்குமுறை’ என்று வைக்கலாமா?

யாரிடம் என்பதை நம் விருப்பப்படி தீர்க்க முடியாது. சேமித்த அட்டைக்கு ஒரு முறைவழியாக்குநர் தந்த டோக்கன் (அட்டை எண்ணுக்குப் பதிலான குறியீடு) மற்றவரிடம் செல்லாது. ஆகவே பழைய வாடிக்கையாளரை 70க்கு 30 என்று விகிதம் போட்டுப் பிரிக்க வழியில்லை. அட்டை விவரங்களை எந்த முறைவழியாக்குநரையும் சாராத மூன்றாம் தரப்புப் பெட்டகத்தில் வைத்திருந்தால் அது நடக்கும்.

எப்போது என்பதில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருந்து வெளிநாட்டுக்கு எழுதுபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 5.00 மணிக்குத் தொகுதி மூடுகிறது என்று வையுங்கள். குளிர்காலத்தில் அது நமக்கு அதிகாலை 3.30. கொழும்பு நேரப்படி 3.15க்கு ஓடும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கணினி வேலை) 15 நிமிடம் முந்திப் போய்ச் சேரும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளியதும் மூடும் நேரம் நமக்கு 2.30 ஆகிவிடும், அதே வேலை 45 நிமிடம் பிந்திவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது, பணம் மட்டும் ஒரு நாள் தள்ளிப்போகும். மூடும் நேரத்தை அந்தந்த முறைவழியாக்குநரின் நேர வலயத்திலேயே சேமித்து, ஓடும் நேரத்தை அன்றன்று கணக்கிட வேண்டும்.

——

தம்பி,

முறைவழியாக்குநர் சரி. பங்குமுறை வேண்டாம், கணக்காளர் அதைக் கம்பனிப் பங்கு என்றே வாசிப்பார். நீங்கள் பிரித்த இரண்டுக்கும் இரண்டு சொல் வைப்போம்: யாரிடம் என்பதற்கு ‘வழியொதுக்கல்’, எப்போது என்பதற்கு ‘முறைவைப்பு’. முறை வைத்தல் வன்னியில் எந்தக் கமக்காரருக்கும் விளங்கும். கடைசியில் பணம் கைமாறுவதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே ‘கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள்’ என்கிறது. தீர்ப்பனவு என்றே எழுதுவோம்.

தோற்ற கொடுப்பனவைத் திரும்ப அனுப்பும் மறுமுயற்சியை நீங்கள் தொடவில்லை. அதிகம் கெடுவது அங்கேதான். அனுப்பியதற்குத் திரும்பி வரும் விடைக் குறியீடு 51 என்றால் கணக்கில் பணம் போதாது. சில நாள் கழித்து, சம்பள நாளை ஒட்டி முறை வைக்கலாம். 54 என்றால் அட்டை காலாவதி. வாடிக்கையாளர் புது விவரம் தரும்வரை அனுப்புவதில் பயனில்லை. 91 வந்தால் அட்டை வழங்கிய வங்கியை எட்ட முடியவில்லை. பலர் உடனே அடுத்த முறைவழியாக்குநருக்கு மாற்றுவார்கள். அவரும் பெரும்பாலும் அதே வங்கியின் கதவைத்தான் தட்டுவார். பொறுத்திருந்து அனுப்புவதே நல்லது.

இவற்றைவிட ஆபத்தானது விடையே வராமல் இணைப்பு அறுவது. அதைத் தோல்வி என்று பதிந்து வேறொருவருக்கு வழியொதுக்கினால், முதலாமவர் ஏற்கனவே கழித்திருக்கலாம். அப்படியானால் ஒரே பில்லுக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு தரம் பணம் போகும். இரட்டிப்பைத் தடுக்க நாம் அனுப்பும் தனித்திறவு (ஒரு கோரிக்கைக்கே உரிய அடையாளக் குறி) அதைப் பெற்ற முறைவழியாக்குநருக்கு மட்டுமே தெரியும், மற்றவருக்கு அது புதுக் கோரிக்கை. அதே திறவோடு முதலாமவரிடமே நிலையைக் கேட்க வேண்டும். கழிக்கவில்லை என்று உறுதியான பிறகே மாற்றலாம்.

ஆகவே திரையில் வெற்றி, தோல்வி என்ற இரண்டு நிலை போதாது. மூன்றாவதுக்கு ‘நிலுவை’ என்று எழுதாதீர்கள், அது கடன் பாக்கியாகிவிடும். ‘முடிவு தெரியவில்லை’ என்று நேராகவே போடுங்கள். அந்த நிலையில் உள்ள எதையும் வழியொதுக்கல் தொடக்கூடாது என்பதைச் சொல்லின் விளக்கத்திலேயே சேர்த்துவிடுவோம்.