கிரெட்டேசியஸ் காலப் பறவைகள் பற்றி ஓர் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பள்ளிப் பிள்ளைகளுக்காக டைனோசர்களின் கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியஸில் வாழ்ந்த ஆதிப் பறவைகள் பற்றி ஒரு படத்தொகுப்பு தயாரிக்கிறேன்.

சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த கன்பூசியசோர்னிஸ் சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பல்லே இல்லாத அலகு, ஆனால் இறக்கையில் பெரிய நகங்கள். பிற்பாடு வந்த ஹெஸ்பரோர்னிஸுக்கோ தாடையில் பல் இருந்தது. பறக்கவே உதவாத குட்டி இறக்கை, கால்களால் உந்தி நீந்தும் உடல். அமெரிக்காவின் கான்சாஸில் கிடைத்தது. ஒரே காலகட்டத்துக்குள் இத்தனை விதம்! இதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.

சிக்கல் எனான்டியோர்னிதீஸ் கூட்டத்தில்தான் (தோள்பட்டை மூட்டு இன்றைய பறவைகளுக்கு நேர்மாறாக அமைந்ததால் ‘எதிர்ப் பறவைகள்’ எனப்படும் ஆதிப் பறவைக் கூட்டம்). அன்று அதிக வகைகளாகப் பெருகியிருந்தவை இவை. மியான்மரில் அம்பருக்குள் (கல்லாக இறுகிய மரப்பிசின்) கிடைத்த குஞ்சுகளின் இறக்கையைப் பார்த்தால், மிகச் சிறு வயதிலேயே பறப்பதற்கான இறகுகள் வளர்ந்திருக்கின்றன. அப்படியிருந்தும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது இவை அடியோடு அழிந்து, இன்றைய பறவைகளின் முன்னோர் மட்டும் தப்பியது எப்படி? காடுகள் அழிந்ததால் மரத்தில் வாழ்ந்தவை போயின என்கிறார்கள் சிலர். பல்லில்லா அலகால் விதை தின்றவை பிழைத்தன என்பது இன்னொரு கருத்து. எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது. பல்லில்லாத அலகுதான் காப்பாற்றியது என்றால், மங்கோலியாவின் கோபிப்டெரிக்ஸ் பல்லில்லாமலும் அழிந்துபோன இதே கூட்டத்தில்தானே இருந்தது?

தொல்லுயிரியல் படித்தவர்கள் எதற்கு ஆதாரம் வலுவானது என்று சொல்லுங்கள். அப்புறம், இந்தக் கூட்டத்தின் தோள்பட்டை மூட்டையும் இன்றைய பறவையின் மூட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டும், இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய வரைபடம் இருந்தால் இணைப்பு கொடுங்கள். வரையத் தெரிந்தவர்கள் வரைந்து தந்தாலும் மிகுந்த மகிழ்ச்சி.