புதுப்பிப்பு: மின்னூல் விற்றால் கையில் நிற்பது எவ்வளவு?

சொந்தமாக மின்னூல் வெளியிட்டால் விலையில் 70% எழுத்தாளருக்கே என்று முன்பு எழுதியிருந்தேன். முழுசாக வருமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வராது.

அமேசான் கிண்டிலின் அமெரிக்கக் கடையில் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால்தான் 70%, அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் 35%. அப்புறம், 70% திட்டத்தில் கோப்பின் ஒவ்வொரு எம்பிக்கும் 15 சென்ட் கழித்துவிட்டுத்தான் கணக்கே தொடங்கும். படங்கள் நிறைந்த 10 எம்பி நூலை 4.99 டாலருக்கு விற்றால் கைக்கு வருவது 2.44. படங்களைச் சுருக்கி 2 எம்பி ஆக்கினால் 3.28! வெளியிடும் முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

பிழைதிருத்தம், அட்டை, விளம்பரம் எல்லாம் நம் செலவு. விற்ற பணம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வரும். அதுவரை விளம்பரத்துக்குக் கைக்காசுதான்.