பேட்டில் ஆஃப் த பல்ஜ்: குழியா, தொப்பையா?

வரைபடக்காரன்:
நேற்று ராத்திரி இங்கே ஒரு மேதை எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் உடம்பைக் குறைக்கப் படும் பாட்டைக் கிண்டலாக 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்' (பல்ஜ் என்றால் புடைப்பு) என்பார்களாம், ஏனென்றால் இரண்டாம் உலகப் போரில் அந்தப் பெயரில் நடந்த சண்டையில், 1944 டிசம்பரில் பெல்ஜியத்தில் அமெரிக்கப் படை வரிசை தொப்பை போட்டு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றதாம். படித்ததும் காபி புரையேறிவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தவன் ஜெர்மன்காரன் ஐயா! டிசம்பர் 16 அன்று ஆர்டென் காட்டுப் பக்கமாகப் புறப்பட்டு, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடிக்கிறேன் என்று மேற்கே வந்தான். அமெரிக்க வரிசை உள்வாங்கியது. பத்திரிகை வரைபடங்களில் அந்த இடம் புடைத்துத் தெரிந்ததால் வந்த பெயர் இது. அமெரிக்கனுக்கு அது குழி. குழியைத் தொப்பை என்பவரிடம் என்ன பேசுவது?

குமரிக்காற்று:
அந்த மேதை நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். போன மாதம் உங்கள் பதிவில் 'வரலாற்று புகழ்' என்று ஒற்றை முழுங்கியதைச் சொன்னேன் அல்லவா, அந்தக் காந்தல் இன்னும் அடங்கவில்லை போல. சரி, குழி என்றால் பல்ஜ் என்று எழுதிய பத்திரிகைக்காரன் யார்? நேச நாட்டுக்காரன். தன் பக்கத்துக் குழியை எவனாவது புடைப்பு என்பானா?

வரைபடக்காரன்:
பக்கத்து வீட்டு மதில் மழையில் ஊறி உங்கள் வாசல் பக்கம் உப்பிக்கொண்டு வந்தால் 'சுவர் உப்பியிருக்கிறது' என்று கத்துவது நீங்கள்தானே? உப்பல் அவனுடையது, வாசல் உங்களுடையது. இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. டினான் ஊருக்குப் பக்கத்தில் செல் என்ற கிராமம் வரைக்கும் வந்துவிட்டான், மியூஸ் ஆறு கைக்கெட்டும் தூரம். அதுதான் தொப்பையின் நுனி. ஜெர்மன் தொப்பை. அமெரிக்கக் குழி.

தயிர்சாதம்:
அண்ணே, ஒரு சந்தேகம். டயட்டில் இருப்பவன் எந்தப் படை? போன வாரம்தான் பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சி வைத்து நுனிப் பக்கம் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன், அதனால் கேட்கிறேன்.

வரைபடக்காரன்:
அமெரிக்கப் படை. புடைப்பை உள்ளே தள்ளுகிறவன்.

குமரிக்காற்று:
மாட்டிக்கொண்டீர்கள்! தயிர்சாதத்தின் தொப்பை யாருடையது? அவருடையதா, எதிர்வீட்டுக்காரருடையதா? சொந்தத் தொப்பையோடுதான் மனுஷன் சண்டை போடுகிறான். அப்படியானால் பல்ஜும் சண்டை போடுகிறவனுடையதுதான். நான் சொன்னதும் அதுவே.

மல்லிகா மாடிவீடு:
இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. சுமார் 19,000 அமெரிக்கச் சிப்பாய்கள் அந்தப் பனியில் செத்தார்கள். இரண்டாம் நாளே மால்மெடி பக்கத்தில் சரணடைந்த அமெரிக்கர்களை ஜெர்மன்காரர்கள் வயலில் நிறுத்திச் சுட்டார்கள், 84 பேர். அந்தப் பெயரை வைத்து இடுப்புச் சதையைப் பேசுகிறோம்.

தயிர்சாதம்:
அக்கா, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதையே நம் ஆட்கள் குருக்ஷேத்திரம் என்கிறார்கள். அங்கே செத்தவர்கள் கணக்கு இதைவிட அதிகம்.

மல்லிகா மாடிவீடு:
அது புராணம் தம்பி, இது நடந்தது. உங்களிடம் சொன்னேன் பாருங்கள்.

மௌனசாமி:
குழியோ மேடோ, எல்லாவற்றையும் சரி செய்தவர் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி. அதை ஒருத்தரும் சொல்லமாட்டீர்கள்.

வரைபடக்காரன்:
வந்துவிட்டார். 1945 ஜனவரி 7 அன்று அவரும் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு இதே தொனியில் பேசினார், அமெரிக்கத் தளபதிகள் கொதித்துப் போனார்கள். சர்ச்சிலே 18ஆம் தேதி பார்லிமெண்டில் எழுந்து இது அமெரிக்கர்களின் சண்டை என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. ஜெர்மன்காரன் சுற்றி வளைத்திருந்த பாஸ்டோன் ஊரின் முற்றுகையை டிசம்பர் 26 அன்று உடைத்தது அமெரிக்கத் தளபதி பேட்டனின் மூன்றாம் படை. அவர் புடைப்பை அதன் அடிப்பக்கத்திலேயே வெட்ட வேண்டும் என்றார், மற்றவர்கள் கேட்கவில்லை. நடு இடுப்பில் பிடித்தார்கள், ஜனவரி 16 அன்று ஊஃபலீஸ் ஊரில் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த இரண்டு அமெரிக்கப் படைகளும் சேர்ந்தன. யாருடைய இடுப்பு? ஜெர்மன்காரன் இடுப்பு. குழிக்கு ஏது இடுப்பு?

மௌனசாமி:
அது ஹௌஃபலைஸ்.

வரைபடக்காரன்:
ஊஃபலீஸ். பிரெஞ்சில் ஹ வாயில் வராது.

மௌனசாமி:
பாஸ்டோனில் சரணடையச் சொன்னதற்கு அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் 'நட்ஸ்' ('போய்யா' என்கிற மாதிரி) என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதி அனுப்பினார், ஜெர்மன்காரனுக்கு அதுவே புரியவில்லை. உங்கள் ஊஃபலீஸுக்கு நானும் அதையே சொல்கிறேன்.

குமரிக்காற்று:
இடுப்புக் கதையெல்லாம் இருக்கட்டும். செல் கிராமத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றது யாருடைய டாங்கி? ஜெர்மன் டாங்கி. பட்டினி கிடந்தவன் அவன். அப்படியென்றால் டயட் இருந்தவனும் அவன்தான், தொப்பையும் அவனுடையதுதான், கணக்கு நேராகிறது.

வரைபடக்காரன்:
தொப்பை அவனுடையது என்றுதானே நான் காலையிலிருந்து கத்துகிறேன்! இப்போது அதை உங்கள் கட்சியாக மாற்றிக்கொண்டீர்களா?

குமரிக்காற்று:
நான் எதையும் மாற்றவில்லை. சண்டை போடுகிறவனுடைய தொப்பை என்றேன். ஜெர்மன்காரன் சண்டை போடாமல் பல்லாங்குழியா ஆடினான்?

தயிர்சாதம்:
தமிழில் 'தொந்திப் போர்' என்று வைத்துக்கொள்ளலாமா? தொந்தியில் இரண்டு கட்சியும் அடங்கிவிடும்.

வரைபடக்காரன்:
புடைப்புப் போர். தொந்தி என்றால் அமெரிக்கனுக்குத் தொந்தி இருந்தது என்று இவர் திரும்பவும் ஆரம்பிப்பார்.

குமரிக்காற்று:
இருந்தது.

வரைபடக்காரன்:
குழி. வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள், வடக்கு மேலே இருக்கட்டும். 'அமெரிக்கக் குழி', ஒற்றையும் சரியாகப் போட்டிருக்கிறேன்.