இரண்டு பிக்கப்பையும் திறந்தால் ஒலி மெலிகிறது, உறுமல் ஏறுகிறது: ஜாஸ் பேஸ் வயரிங் உதவி

நாலுகம்பி:
வணக்கம். ஜாஸ் வகை பேஸ் கிட்டார், இரண்டு வால்யூம், ஒரு டோன். பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனை தாங்கி) பக்கப் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) செத்துவிட்டதால் வேறொரு கம்பெனிப் பிக்கப்பைப் போட்டேன். திறந்ததுதான் திறந்தோம் என்று நெக் (கழுத்துப் பக்க) வால்யூமுக்குப் புஷ்-புல் பாட் (இழுத்து அமுக்கும் சுவிட்ச் கொண்ட வால்யூம் குமிழ்) வைத்து சீரிஸ்/பேரலல் சுவிட்சும் சேர்த்தேன்: அமுக்கினால் பிக்கப்புகள் பேரலல் (பக்கத்துப் பக்கம்), இழுத்தால் சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்று). வினை அங்கேதான். ஒவ்வொன்றும் தனியாக நன்றாகக் கேட்கிறது. இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடி ஒலியே இல்லை, மூக்கால் பேசுவது போல இருக்கிறது. உறுமலோ (கம்பியைத் தொடாதபோதும் கேட்கும் மின் இரைச்சல்) முன்பைவிட அதிகம். குமிழை இழுத்து சீரிஸுக்குப் போனால் இன்னும் மோசம். சுவிட்சில்தான் தப்பு என்று மூன்று முறை சால்டரை உருக்கி எடுத்துத் திரும்ப வைத்தாயிற்று.

ஈயப்புகை:
நான்காவது முறை சூடாக்காதீர்கள், சுவிட்ச் உருகிவிடும். மீட்டர் அளவு என்ன?

நாலுகம்பி:
மாட்டும் முன் அளந்தது: நெக் 7.3 கிலோ ஓம், புதுசு 8.1. இப்போது ஜாக்கில் (கேபிள் செருகும் துளை), எல்லாம் முழுதாகத் திறந்து: அமுக்கினால் 3.7, இழுத்தால் 13.7. கூட்டினால் 15.4 வரவேண்டாமா?

ஈயப்புகை:
குறுக்கே இரண்டு 250 கிலோ ஓம் பாட் கிடக்கிறதே! அவை சேர்ந்து 125. அதையும் கணக்கில் எடுத்தால் 13.7தான். உங்கள் சுவிட்ச் வயரிங் சரி, பாவம் அதைப் போட்டு வறுத்திருக்கிறீர்கள்.

ஆனால் ஓம் அளவுக்குத் திசை தெரியாது. எனக்கு ஃபேஸ் மேல்தான் சந்தேகம் (பேஸ் இல்லை, ஃபேஸ். தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை வேறு). ஒரு பிக்கப் கம்பியோடு மேலே போகும்போது மற்றது கீழே போகிறது. அடி ஒலி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அதுதான் முதலில் அடிபடும்.

சோதிப்பது எளிது. ஆம்ப் வேண்டாம். கேபிளை கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனியிலும் உறையிலும் மீட்டரை வையுங்கள், டிசி மில்லிவோல்ட்டில். ஒரு வால்யூமை மட்டும் திறந்து, இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப் காந்தத்தில் ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். முதலில் பிளஸ்ஸா மைனஸா? அடுத்ததிலும் அப்படியே. இரண்டும் ஒரே குறி காட்டவேண்டும். முள் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, டிஜிட்டல் மீட்டர் கண்ணாமூச்சி ஆடும்.

தடித்தநரம்பு:
ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் ஒலி தடிக்கும், சரி. உறுமல் என்ன ஆகும் என்பது வேறு விஷயம். உறுமலுக்குக் காந்தத்தோடு சம்பந்தமில்லை, பிக்கப்பின் கம்பிச்சுருளைச் சுற்றிய திசை மட்டும்தான். ஜாஸ் பேஸ் ஜோடியில் ஒன்று மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றி, காந்தமும் தலைகீழாக இருக்கும். அதனால் ஒலி கூடும், உறுமல் கழியும். 1957 முதல் வரும் பிரசிஷன் பேஸின் (இன்னொரு பேஸ் மாடல்) இரண்டு துண்டுப் பிக்கப்பும் இதே தந்திரம்தான், அதுவும் சீரிஸில்.

உங்களுக்கு ஒலி மெலிந்து உறுமலும் ஏறியிருக்கிறது. அதிர்ஷ்டசாலி! வயரை மாற்றினால் இரண்டும் ஒன்றாகச் சரியாகும். ஒலி மெலிந்து உறுமல் மட்டும் அடங்கியிருந்தால், வயர் மாற்றியதும் உறுமல் வந்து உட்கார்ந்திருக்கும். அதற்குக் காந்தத்தைத்தான் திருப்பவேண்டும். தண்டுக் காந்தத்தின் மேலேயே நேராகச் சுற்றிய பழைய பாணிப் பிக்கப்பில் அதைத் தள்ளப் போனால் தலைமுடிக் கம்பி அறுந்துவிடும். நான் ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

நாலுகம்பி:
ஸ்க்ரூடிரைவர் சோதனையில் நெக் பிளஸ், புதுசு மைனஸ்! உடனே புதுசின் வயர்களை மாற்றினேன். ஒலி வந்துவிட்டது, அடி வயிற்றில் உதைக்கிறது. ஆனால் இப்போது பிரிட்ஜ் பிக்கப் பக்கம் கை போனாலே உர்ர்ர் என்கிறது. இது முன்பு இல்லை.

ஈயப்புகை:
புதுசின் அடியில் உலோகத் தகடு இருக்கிறதா? அது கறுப்பு வயரோடு ஒட்டியிருக்கிறதா?

நாலுகம்பி:
ஆமாம், பித்தளைத் தகடு. கறுப்பிலிருந்து குட்டி வயர் ஒன்று போகிறது.

ஈயப்புகை:
அதுதான். கறுப்பு இப்போது ஹாட் (சைகை போகும் வயர்). தகடு கிரவுண்டில் (சைகைக்கு எதிர்முனையான பொது இணைப்பு) இல்லாமல் ஆன்டெனாவாக நிற்கிறது. குட்டி வயரை வெட்டித் தகட்டுக்குத் தனி கிரவுண்ட் வயர் கொடுக்கலாம். அதைவிடச் சுலபம், புதுசைப் பழையபடி வைத்து நெக் வயர்களை மாற்றுவது. நெக்கில் தகடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், சீரிஸில் அதன் எந்த முனையும் கிரவுண்டைத் தொடாது, தகடு இருந்தால் அதுவும் ஆன்டெனாவாகிவிடும்.

நாலுகம்பி:
நெக்கில் தகடு இல்லை. மாற்றிவிட்டேன். இழுத்தாலும் அமுக்கினாலும் உறுமல் அடங்கிவிட்டது, சீரிஸில் நடு ஒலி தடித்து நிற்கிறது. இருவருக்கும் நன்றி அண்ணா. ஒரே ஒரு சந்தேகம்: குமிழை இழுத்திருக்கும்போது பிரிட்ஜ் வால்யூமைத் திருப்பினால் ஒன்றுமே ஆகவில்லை. எதையாவது விட்டுவிட்டேனா?

தடித்தநரம்பு:
இல்லை. இந்த வயரிங்கில் சீரிஸுக்குப் போனதும் பிரிட்ஜ் பிக்கப் அந்தப் பாட்டின் நடுக்காலை விட்டுப் பிரிந்துவிடும். நெக் வால்யூம்தான் இரண்டுக்கும் சேர்த்து. மூடியைத் திருகி மூடுங்கள்.