அவசரம்: 'லீக் டிடெக்டர்' – கசிவுணரியா, வேறா?

வரிக்குவரி எழுதியது:

நண்பர்களே, வணக்கம். 'ஸ்மார்ட் லீக் டிடெக்டர்' ஒன்றின் கையேடும் செயலியும் என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். கருவி இரண்டு வகை. ஒன்றை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தரையில் வைக்க வேண்டும். அடியில் இரண்டு உலோக முனைகள். தண்ணீர் பரவி இரண்டையும் தொட்டால் மின்சாரம் பாய்ந்து கத்தும். மற்றது வீட்டுக்கு வரும் மெயின் குழாயில் பொருத்துவது. யாரும் குழாயைத் திறக்காத வேளையில் நீரோட்டம் தெரிந்தால் வால்வைத் தானே மூடிவிடும். இரண்டுக்கும் சேர்த்து 'கசிவுணரி' என்று போட்டிருக்கிறேன். பொத்தான் சிறியது, நீளமான சொல் பாதியில் வெட்டுப்படும். சரியா?

உகரக்குறுக்கம் எழுதியது:

உயிரெழுத்து வந்து சேர்ந்தால் கெடுவது குற்றியலுகரம். கசிவு குற்றியலுகரம் அன்று. வகரத்தின் மேல் நிற்பது முற்றுகரம். அப்புறம் எப்படி உகரம் கெட்டது? 'கசிவுவுணரி' என்றல்லவா உடம்படுமெய் பெற வேண்டும்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நன்னூல் 'முற்றும் அற்று ஒரோவழி' என்று, முற்றுகரமும் சில இடங்களில் அப்படியே கெடலாம் என இடம் கொடுத்திருக்கிறதே ஐயா. அறிவழகன் என்று பெயர் வைத்தவர்களெல்லாம் இனி அறிவுவழகனாகத் திருத்திக்கொள்ள வேண்டுமா?

என் கவலை வேறு. கசிதல் நெஞ்சத்தின் வேலை. 'காதலாகிக் கசிந்து' என்றுதானே சம்பந்தர் பாடினார்? தரையில் கிடக்கும் பிளாஸ்டிக் வில்லைக்கு அது பொருந்தவில்லை. 'பொசிவு' இருக்கிறது, மூதுரையில் வாய்க்கால் நீர் புல்லுக்கும் பொசிகிறது. 'பொசிவுணரி' என்றால் என்ன குறை?

குழாயடி எழுதியது:

அந்தப் பாட்டில் பொசிவதால் புல்லுக்கு நன்மை. இங்கே பொசிந்தால் சுவர் உப்பும், மரத்தரை வளையும். நல்லார் ஒருவர் பொருட்டுப் பெய்த மழையைக் கொண்டுபோய் எச்சரிக்கை மணியில் கட்டாதீர்கள்.

நான் குழாய் வேலை பார்ப்பவன், சொல்லுகிறேன். இரண்டு கருவியுமே கசிவைப் பார்ப்பதில்லை. தரையில் இருப்பது தண்ணீரைப் பார்க்கிறது. ஏசி குழாயில் வியர்த்த நீர் சொட்டினாலும் கத்தும், அது கசிவா? குழாயில் இருப்பது ஓட்டத்தைப் பார்க்கிறது. சில கருவிகள் ராத்திரியில் கொஞ்ச நேரம் வால்வை மூடி வைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிக்கும். சொட்டுச் சொட்டாகப் போவதுகூட அதில் சிக்கும். கழிப்பறைத் தொட்டியின் அடிரப்பர் தேய்ந்தால் தண்ணீர் பேசினுக்குள்ளேயே வடிந்து போய்விடும், தரை நனையாது. தரைக்கருவி அதைக் கடைசிவரை கண்டுபிடிக்காது. ஆகவே தரையில் வைப்பது நீருணரி, குழாயில் வைப்பது ஓட்டக்கண்காணி. இரண்டு பொருள், இரண்டு பெயர்.

தூயசொல் எழுதியது:

'கசிவுமானி' என்று யாரும் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: மானி அளப்பது, இது அளந்து காட்டுவதில்லை. உணரி இருக்கட்டும். ஆனால் 'வால்வு' என்று எழுதுவது வெட்கக்கேடு. ஓரதர் என்ற சொல் இருக்கிறது. 'ஸ்மார்ட்' சூட்டிகை ஆகட்டும்.

குழாயடி எழுதியது:

ஓர் அதர் என்றால் ஒரு வழி. பின்னோக்கிப் போகவிடாத வால்வுக்கு அது பொருந்தும். இங்கே இருப்பது வழியையே அடைப்பது. 'அடைப்பிதழ்' என்பீர்கள், பிரித்துப் பாருங்கள், இதழ் எதுவும் இருக்காது. துளையிட்ட உலோகப் பந்து ஒன்று இருக்கும். கால் வட்டம் திருப்பினால் துளை குறுக்காகி நீர் நிற்கும். சொல்லாக்கம் செய்கிறவர்கள் ஒருமுறையாவது ஸ்பேனரைத் தொட வேண்டும்.

தூயசொல் எழுதியது:

பந்தடைப்பான்!

வரிக்குவரி எழுதியது:

ஐயா, இரவு இரண்டு மணிக்குப் போன் அலறுகிறது. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் திரையைப் பார்க்கிறார். 'சூட்டிகைக் கசிவுணரி: பந்தடைப்பான் இயங்கியது' என்று இருந்தால் அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். நான் எழுதப்போவது: 'சமையலறையில் தண்ணீர். மெயின் வால்வு மூடப்பட்டது.' கருவிப் பெயர் தலைப்பில் மட்டும் வரும்.

உகரக்குறுக்கம் எழுதியது:

அறிவழகன் சான்றை ஏற்கிறேன், ஒரோவழிதான் என்றாலும். கசிவுணரிக்கு என் வாக்கு.

வரிக்குவரி எழுதியது:

இதுவரை நான்கு பேர் கசிவுணரி என்கிறார்கள், தனிமடலில் வந்த இருவரையும் சேர்த்து. நாளை அனுப்பியாக வேண்டும், அதையே வைக்கிறேன். 'ஸ்மார்ட்' கையேட்டில் ஒரே ஒருமுறை 'திறன்' என்று வரும். வால்வு வால்வாகவே இருக்கும்.

குழாயடி எழுதியது:

நான் ஒப்பவில்லை. அந்தப் பெயரைப் பார்த்துத் தரைக்கருவி வாங்குகிறவர் எல்லாக் கசிவையும் அது பிடிக்கும் என்றுதான் நினைப்பார். பெயரை மாற்றாவிட்டால் 'கழிப்பறைத் தொட்டிக்குள் கசிவதை இது அறியாது' என்று ஒரு வரியாவது சேருங்கள்.

வரிக்குவரி எழுதியது:

மூலத்தில் அந்த வரி இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பொசி, கசி, ஒசி மூன்றிலும் வரும் 'சி' ஈறு பற்றித் தனி இழை தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமைக்காரர்கள் வர வேண்டாம்.