அம்மா நடக்கத்தானே போகிறார், சின்ன மோட்டார் போதாதா?

மாடிவீடு
வேளச்சேரியில் மூன்றாம் மாடி ஃபிளாட். அம்மாவுக்கு வயது 62, எடை 84 கிலோ, சர்க்கரை உண்டு. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் நடப்பது எப்படி என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வீட்டுக்குள்ளேயே நடக்க ஒரு ட்ரெட்மில் பார்க்கிறோம். பட்ஜெட் 40,000 ரூபாய். கைப்பிடி இல்லாத வாக்கிங் பேட் (நடக்க மட்டுமான தட்டையான சின்ன ட்ரெட்மில்) இதில் பாதி விலைக்கே கிடைக்கிறது, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கடைக்காரரோ '4 எச்.பி. பீக்' (எச்.பி. என்றால் குதிரைத்திறன்) என்று எழுதிய பெரிய மெஷினைக் காட்டுகிறார். எது வாங்கலாம்?

சிக்கனம்
பேட் தாராளமாகப் போதும். மணிக்கு 6 கி.மீ. வரை போகும், அம்மா 4-ஐத் தாண்டப் போவதில்லை. ஓடாதவருக்கு ஓடுகிற மெஷின் எதற்கு?

வைண்டிங்
சிக்கனம் சார், எல்லோரும் ஏமாறுகிற இடமே இதுதான். நான் ட்ரெட்மில் சர்வீஸ் வேலையில் இருப்பவன். மெதுவாக நடந்தால் மோட்டாருக்குச் சுமை குறைவு என்று நினைக்கிறோம். ஒவ்வொரு அடியிலும் 84 கிலோவும் பெல்ட்டை அதன் அடியில் இருக்கும் பலகையோடு சேர்த்து அழுத்துகிறது, அந்த உராய்வை மீறித்தான் மோட்டார் இழுக்க வேண்டும். வேகம் குறைவாக இருக்கும்போது மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். கரண்ட் அதிகம் இழுக்கும், சூடு வெளியே போகாது. மோட்டார் தாங்கிக்கொண்டாலும், அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் போர்டு போய்விடும். வாரன்டியில் மோட்டாருக்கு மூன்று, ஐந்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். போர்டுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான்.

அந்த '4 எச்.பி. பீக்'கையும் நம்ப வேண்டாம். பீக் என்பது சில நொடிகள் முக்கிக் கொடுக்கும் சக்தி. தொடர்ந்து எத்தனை எச்.பி. என்று கேளுங்கள். 1 எச்.பி. என்றால் 746 வாட், நாலுக்கு 2984 வாட். வீட்டில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் ப்ளக், 230 வோல்ட்டில் 1380 வாட்தான் தரும். அந்த மெஷின் சின்ன ப்ளக்கோடு வந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தொடர் எச்.பி. 2-க்குக் குறையாமல், 110 கிலோவுக்கு மேல் தாங்குவதாகப் பாருங்கள். 16 ஆம்பியர் பாயிண்ட், ஒழுங்கான எர்த் இரண்டும் வேண்டும்.

தெருநடை
உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. அதற்குக் கரண்ட் தேவை என்று எங்கும் சொல்லவில்லை! மொட்டைமாடி இருக்கிறது, மாநகராட்சிப் பூங்கா இருக்கிறது. சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிடமாக ஹாலிலேயே நடக்கலாம், சர்க்கரைக்கு அதுவும் நல்லது.

மாடிவீடு
லிஃப்ட் எங்கள் தளத்தோடு சரி. மொட்டைமாடிக்குப் போகும் படி அம்மா முழங்காலுக்கு ஆகாது. பூங்காவுக்குப் போகிற வழியெல்லாம் நாய்கள். ஹாலில் இரண்டு நாள் நடப்பார், மூன்றாம் நாள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். எனக்கு அம்மாவைத் தெரியும்.

செவிலி
மோட்டாரை விடுங்கள், கைப்பிடியைப் பற்றி யாருமே பேசவில்லையே. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தில் மரமரப்பு வரலாம், பெல்ட்டின் விளிம்பில் கால் படுவதே தெரியாது. 62 வயதில் கைப்பிடி இல்லாத பேட் கூடவே கூடாது. அவசர நிறுத்தச் சாவியின் (இது கழன்றால் மெஷின் நின்றுவிடும்) கிளிப்பைப் புடவையில் மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். வீட்டுக்குள் ஷூவா என்று சண்டை வரும்; தெருவுக்கே போகாத ஒரு ஜோடியை மெஷின் மேலேயே வைத்துவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் வருகிற வீடா? நடந்து முடித்ததும் அந்தச் சாவியைப் பீரோவில் வையுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் ட்ரெட் பிளஸ் மெஷின்கள் சுமார் 1,25,000-ஐத் திரும்பப் பெற்றது. பின்பக்கம் உள்ளே இழுபட்டு ஒரு குழந்தை இறந்த பிறகுதான் அது நடந்தது.

கீழ்வீடு
இப்படி ஒரு மெஷினுக்கு நேர் கீழே குடியிருப்பவன் பேசுகிறேன். தடித்த ரப்பர் மேட் போடுங்கள். ஹால் நடுவில் வைக்காமல், பீம் போகிற சுவர் ஓரமாக வைத்தால் அதிர்வு குறையும். காலை ஐந்து மணிக்கு வேண்டவே வேண்டாம், ப்ளீஸ். அப்புறம், சீலிங் ஃபேனுக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். மெஷினே ஆளை அரை அடிக்கு மேல் உயர்த்திவிடும்.

சிக்கனம்
கைப்பிடி விஷயம் நியாயம். ஆனால் வைண்டிங் சொல்கிற மெஷின், மேட், 16 ஆம்பியர் பாயிண்ட், வருட சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் 40,000-க்குள் நிற்காது. அம்மா மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டால்? மாத வாடகைக்குத் தருகிறார்கள். மழைக்காலத்துக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். விற்கிற பக்கம் இருப்பவர்களுக்கு இந்த யோசனை வராது.

வைண்டிங்
நான் விற்பவன் இல்லை சார், ரிப்பேர் பார்ப்பவன். வாடகை மெஷின் என்றால் பலர் ஓடிக் களைத்த மெஷின், அதையும் யோசியுங்கள்.

மாடிவீடு
வாடகைக்கே போகிறேன், கைப்பிடி உள்ளதாக. எலக்ட்ரீசியனிடம் பெரிய பாயிண்டுக்குச் சொல்லிவிட்டேன். வைண்டிங் அண்ணே, மெஷின் வந்து இறங்கியதும் முதலில் எதைப் பார்க்கட்டும்?

வைண்டிங்
ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கிக் கையை அடியில் விடுங்கள். விரலில் வழவழப்பு இல்லாமல் உலர்ந்திருந்தால், சிலிகான் ஆயில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்னால். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் கூடாது. அப்புறம் அம்மாவையே ஏற்றி, மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் நடக்கவிட்டுப் பாருங்கள். அடி வைக்கும்போதெல்லாம் பெல்ட் தயங்கித் தயங்கி நகர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.